பின்சுவரில் ஒரு செங்கல்

"இழுப்பறையைத் திற. மெதுவா… ரெண்டு பக்கமும் பாரு. யாரும் இல்லையே? இப்ப எடு பம்பரத்தை!"

டைரக்டர் ராஃபத் சொல்லி முடிப்பதற்குள் நடிகர் ஸமீஹ் இழுப்பறைக்குள் கையை விட்டு, சிவப்புக் கோடு போட்ட பம்பரம் ஒன்றை எடுத்தார். ஸமீஹுக்குச் சாம்பல் நிறக் கோட்டு, அடர்ந்த மீசை, அக்குளில் ஒரு பிரம்பு. பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கும் துணைத் தலைமையாசிரியர் வேஷம். அந்த ஆசாமி கதவைத் தாழிட்டு, கயிற்றைச் சுற்றி, பையன்களிடம் பறிமுதல் செய்த பம்பரத்தை மேசை மேல் விட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு ரசித்தார்.

கெய்ரோவிலிருந்து வந்திருந்த படக்குழு வயிறு வலிக்கச் சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே தேநீர்க் கிளாஸோடு நின்ற மித்வல்லி மட்டும் சிரிக்கவில்லை.

அவருடைய கோட்டும் சாம்பல் நிறம்தான். மீசையும் அடர்த்திதான். கஃப்ர் நஸீம் ஆண்கள் பள்ளியின் நிஜமான துணைத் தலைமையாசிரியர் அவர். நிஜமான பம்பரம் அந்த நிமிஷம் அவர் கோட்டுப் பைக்குள் இருந்தது.

யார் சொன்னது? எவன் சொன்னான்? தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றார்.

மித்வல்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவர் தாழ்வாரத்தில் செருமினால் மூன்று வகுப்புகள் வாயை மூடும். பையன்கள் மட்டுமல்ல, வாத்தியார்களும் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார்கள். முடி காலரைத் தொட்டால் அப்பனைக் கூட்டிவா, ஷூவில் மண் இருந்தால் அப்பனைக் கூட்டிவா, அணிவகுப்பில் கொட்டாவி விட்டால் அப்பனோடு பெரியப்பனையும் கூட்டிவா. காலை அணிவகுப்பு மணி அடித்ததும் வெளிக்கதவில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். பிந்தி வந்தவன் எவனாக இருந்தாலும் வீட்டுக்குத்தான். அது மித்வல்லி போட்ட சட்டம். விடிவதற்கு முன்பே அவர் பள்ளிக்கு வந்துவிடுகிறார் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

இப்போது தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். நாற்காலி காலி. அதில் யார் உட்காருவது என்று முடிவு செய்ய வேண்டியவர் மாவட்டக் கல்வித் தலைவர் லுத்ஃபி பாஷா. லுத்ஃபி பாஷா என்றால் சும்மா இல்லை. பொத்தான் அறுந்த கோட்டோடு வந்த ஒரு ஆசிரியரைப் பாலைவனத்துப் பள்ளிக்கு மாற்றினார். அங்கே பொத்தானும் கிடைக்காது, தைக்க ஆளும் கிடைக்காது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் இதே பள்ளியில் இருந்தவர். அவருடைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மித்வல்லியின் அறைச் சுவரில் தொங்கியது. தினமும் அதன் முன்னால் நின்றுதான் மித்வல்லி டையைச் சரிசெய்வார். பம்பரம் விடுவதற்கு முன் அதே புகைப்படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். அந்த முகத்துக்கு முன்னால் விளையாட அவருக்குக் கூசும்.

அப்படிப்பட்ட பாஷா குளிர்கால விடுமுறையில் ஒரு சிரிப்புப் படம் எடுக்கப் பள்ளியைத் திறந்துவிடச் சொல்லி உத்தரவு போட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாஷாவிடம் ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்த மாவட்டத்தில் இல்லை. கடைசி நாள் படப்பிடிப்பைப் பார்க்க அவரே வருவார், அன்றைக்கே தலைமையாசிரியர் விஷயத்தையும் முடிவு செய்வார் என்று மட்டும் செய்தி வந்திருந்தது.

மித்வல்லி உள்ளே போனார்.

"ராஃபத் சார், ஒரு நிமிஷம். இந்தக் காட்சி சரியில்ல."

"வாங்க உஸ்தாத், வாங்க! உங்க பேச்சைத் தலை மேல வச்சுக்கிறேன். என்ன சரியில்ல?"

"ஒரு துணைத் தலைமையாசிரியர் பம்பரம் விடுவாரா? உலகத்துல எங்கயாவது நடக்குமா?"

"அதுதானே உஸ்தாத் சிரிப்பு! வெளியில புலி, உள்ள பச்சப்புள்ள. படம் பூரா அப்படித்தான். இது வெறும் ஆரம்பம், இன்னும் என்னென்ன இருக்குன்னு பாருங்க."

"இன்னும் இருக்கா?"

"சாமான் நிறைய இருக்கு."

மித்வல்லி கோட்டுப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். "இதையெல்லாம் யாரு உங்களுக்குச் சொன்னது?"

ராஃபத் குரலைத் தாழ்த்தினார். "கதை கொடுத்தவர் பேரை மட்டும் கேக்காதீங்க. வெளிய தெரிஞ்சா அவர் பொழப்பு போயிடும்னு சத்தியம் வாங்கியிருக்கார். ஒரு வரி மாத்தக் கூடாதுன்னும் சொல்லியிருக்கார். எல்லாம் கண்ணால கண்டது, இதே பள்ளிக்கூடத்துல நடந்ததுன்னார்."

ராஃபத்தின் உதவியாளர் நுஹா, கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு மித்வல்லியை மேலும் கீழும் பார்த்தாள். "உஸ்தாத், உங்களுக்கு வேர்க்குது. இந்தக் குளிர்லயா?"

"விளக்கு சூடு," என்றார் மித்வல்லி. அவர் நின்ற இடத்தில் விளக்கே இல்லை.

தன் அறைக்குப் போய் உட்கார்ந்து யோசித்தார். பெயர் தெரிந்தால் பிழைப்பு போய்விடும். கண்ணால் கண்டது. இதே பள்ளிக்கூடம். அப்படியென்றால் பியூன் சித்தீக்தான். சாவிக்கொத்தோடு எல்லா இடத்திலும் சத்தமில்லாமல் அலைகிறவன் அவன் ஒருவன்தான். பதினோரு வருஷமாகத் தன் கையில் தேநீர் வாங்கிக் குடித்தவனா இப்படிச் செய்தான்? இல்லை, தேநீர் கொடுத்தவன் அவன்தான். கோபத்தில் மித்வல்லிக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது.

திட்டினால் பழி வாங்குவான். அன்பாக அப்புறப்படுத்துவதே புத்திசாலித்தனம் என்று தோன்றியது.

"சித்தீக், நீ உம் மக ஊருக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?"

"ரொம்ப நாளாச்சு உஸ்தாத். லீவு கேட்டப்பல்லாம் நீங்க சுவத்துல எழுதியிருக்கிற ஒழுங்கு விதியைப் படிக்கச் சொன்னீங்க."

"இப்ப போ. இன்னைக்கே போ. பேரப்புள்ளைகளைப் பாரு, வாத்து அடிச்சுச் சாப்பிடு. படக்காரங்க போன பின்னாடி வந்தாப் போதும்."

சித்தீக் பயந்து போனான். "என்ன தப்பு பண்ணேன் உஸ்தாத்? வேலைய விட்டு அனுப்புறீங்களா?"

"வல்லாஹி, சத்தியமா ஒண்ணுமில்ல. எனக்கு உம்மேல பிரியம்!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் சித்தீக் இன்னும் பயந்து, சாவிக்கொத்தை மேசை மேல் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். மித்வல்லி ஒரு பெருமூச்சு விட்டார். பெருமூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் நுஹா வந்து நின்றாள்.

"உஸ்தாத், வரைபட அறைச் சாவி தொலைஞ்சு போச்சுன்னு அந்தப் பியூன் பெரியவர் ஒரேயடியாச் சாதிச்சிட்டார். அந்தக் காட்சியையே விட்டுடலாம்னு டைரக்டர் நினைச்சிட்டிருந்தார். இதோ கொத்துலயே இருக்கே!"

சொல்லிக்கொண்டே கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மித்வல்லி தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தீக் காட்டிக் கொடுக்கவில்லை, மூடி மறைத்திருக்கிறான். தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே மனுஷனுக்கு வாத்து அடித்துச் சாப்பிடச் சொல்லி விடை கொடுத்தாகிவிட்டது.

வரைபட அறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பொந்து. சுருட்டி வைத்த வரைபடங்கள், கை உடைந்த ஒரு எலும்புக்கூடு, ஒரு பெஞ்சு. மதியத்துக்கு முந்தைய பாட வேளையில் மித்வல்லி ரோந்து போகிறார் என்று பள்ளிக்கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் ரோந்து போவது இந்தப் பெஞ்சு வரைக்கும்தான். ரொட்டிக்குள் வைத்த ஃபூல் மொச்சை மசியலைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்கம். அதற்குள் படக்குழு விளக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே நுழைந்துவிட்டது.

மித்வல்லி ஓடிப்போய்ப் பார்த்தபோது ஸமீஹ் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தார். மேலே கழுத்து வரை ஆப்பிரிக்கா. மீசையில் ஃபூல் ஒட்டியிருந்தது. குறட்டை விடும்போது காங்கோ ஏறி இறங்கியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் மித்வல்லி. "இது அநியாயம்! எந்தத் துணைத் தலைமையாசிரியரும் ஆப்பிரிக்காவைப் போத்திக்க மாட்டார்!"

ராஃபத் ஆர்வமாகத் திரும்பினார். "அப்படியா? கதையில ஆப்பிரிக்கான்னுதான் இருக்கு. ஆசியா பெருசாச்சே, அதைப் போத்தலாமா?"

"ஆசியா வெறும் காகிதம், சரசரன்னு சத்தம் போடும், காலும் வெளிய வந்துரும். ஆப்பிரிக்காதான் துணி ஒட்டினது…"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. குழு முழுக்க அவரையே பார்த்தது. எலும்புக்கூடுகூடத் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"அதாவது," என்றார் மித்வல்லி, "பள்ளிக்கூடப் பொருளோட தரம் எனக்குத் தெரியணும் இல்லையா. நிர்வாகம்."

"நிர்வாகம்!" என்றார் ராஃபத், நெஞ்சில் கை வைத்து. "கேட்டியா நுஹா? இப்படி நுணுக்கம் தெரிஞ்ச ஆளை நான் பார்த்ததே இல்ல."

"நானும் பார்த்ததில்ல," என்றாள் நுஹா. அவள் பார்வை மித்வல்லியின் மீசையில் நின்றது. காலையில் சாப்பிட்ட ஃபூல் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று அவர் அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

ஸமீஹ் ஆப்பிரிக்காவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இதமாத்தான் இருக்கு உஸ்தாத்," என்றார்.

வெளியே வரும்போது ராஃபத் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "நாளைக்குக் கடைசிக் காட்சி. அதுதான் படத்தோட உயிரு. தினமும் வெளிக்கதவைப் பூட்டுற ஆளு, ஒருநாள் அவரே தூங்கிட்டுப் பிந்தி வர்றார். கதவு பூட்டியிருக்கு. பின்பக்கச் சந்து வழியா வந்து சுவரேறிக் குதிக்கிறார். குதிச்சு, கக்கூஸ் பக்கமா வெளிய வந்து, விடியக்காலைலயே வந்த மாதிரி 'எவன்டா அங்க ஒளியுறது'ன்னு அதட்டுறார்! ஹா! எப்படி? பாஷா முன்னாலதான் எடுக்கப்போறோம்."

மித்வல்லிக்குக் காது அடைத்துவிட்டது. ராஃபத்தின் வாய் மட்டும் அசைவது தெரிந்தது.

ஏனென்றால் பம்பரத்தை மன்னித்துவிடலாம். தூக்கத்தைக்கூட வயசு என்று சொல்லிவிடலாம். ஆனால் சுவர் அப்படியில்லை. பிந்தி வந்ததற்காக எத்தனை பையன்களை அந்தக் கதவிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்! அழுதுகொண்டு போனவர்கள் உண்டு. மித்வல்லிக்கோ பிறந்ததிலிருந்து காலையில் எழுந்திருக்க வராது. மூன்று அலாரம் வைத்தாலும் மூன்றையும் அணைத்துவிட்டுத் தூங்குவார். நேர்வழியாகப் பிந்தி வந்தால் பள்ளிக்கூடமே பார்க்கும். அதனால் பின்சந்து. அங்கே சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு செங்கல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிதிலேயே இருந்தது. கொத்தனாரின் கவனக்குறைவு என்று நினைத்து, அந்தக் கொத்தனாருக்காக இறைவனிடம் வேண்டிக்கொண்டார். இடது காலைச் செங்கலில் வைத்து ஒரு எவ்வு, அவ்வளவுதான்.

ஊர் சிரிக்கட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் லுத்ஃபி பாஷா பார்ப்பார். பார்த்து, அந்தச் சுவரையும் செங்கலையும் பார்த்து, பிறகு மித்வல்லியின் முகத்தைப் பார்ப்பார். அந்த மாதிரி முகங்களை வாசிப்பதற்கென்றே பிறந்தவர் அவர். தலைமையாசிரியர் நாற்காலியைத் தூரத்திலிருந்தாவது பார்க்க முடியுமா என்பதே சந்தேகம். அழுகை வந்தது மித்வல்லிக்கு. உண்மையாகவே வந்தது.

செங்கல் இல்லாவிட்டால் காட்சி இல்லை என்று பிறகுதான் தோன்றியது.

மதியம் படக்குழு கோஷரிச் சோற்றுக் கிண்ணங்களோடு வெயிலில் உட்கார்ந்திருந்தபோது, மித்வல்லி தோட்டத்து மண்வெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனார். குத்தினார், நெம்பினார், செங்கல் அசையவில்லை. எந்தக் கொத்தனாரோ, கவனக்குறைவுக்காரன் மாதிரித் தெரியவில்லை. சிமெண்டை அள்ளி அள்ளி அப்பியிருந்தான். கடைசியில் சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தபோது செங்கல் கையோடு வந்தது. மித்வல்லி பின்பக்கமாக மண்ணில் உட்கார்ந்தார்.

"உஸ்தாத்?"

சந்து முனையில் நுஹா நின்றிருந்தாள். கையில் கோஷரிக் கிண்ணம். "நாளைக்குக் கேமரா எங்க வைக்கிறதுன்னு பார்க்க வந்தேன். கையில என்ன?"

"பள்ளிக்கூடச் சொத்து," என்றார் மித்வல்லி. எழுந்து, மண்ணைத் தட்டி, செங்கலை ஒரு குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்து போனார். அறைக்குப் போனதும் அதை இழுப்பறையில் வைத்து, கோட்டுப் பையிலிருந்த பம்பரத்தையும் பக்கத்தில் போட்டுப் பூட்டினார். புகைப்படத்துக்குள்ளிருந்து லுத்ஃபி பாஷா பார்த்துக்கொண்டிருந்தார். மித்வல்லி அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் அவர் தூங்கிப்போகவில்லை, ஏனென்றால் தூங்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பள்ளிக்கு முதல் ஆளாக வந்தார். பார்க்கத்தான் யாரும் இல்லை.

படக்குழு சந்தில் தண்டவாளம் போட்டது, கேமராவை ஏற்றியது. ஊர்க்காரர்கள் எதிர் மாடிகளில் நின்று வறுத்த பூசணி விதை கொறித்தார்கள். செங்கல் இல்லாததை ராஃபத் இன்னும் கவனிக்கவில்லை. அவர் கவனிப்பார், கையைப் பிசைவார், காட்சியைக் கைவிடுவார் என்று மித்வல்லி காத்திருந்தார்.

ராஃபத் கவனிக்கவே இல்லை. "ஸமீஹ், ஒத்திகை வேண்டாம், அப்பத்தான் இயல்பா இருக்கும். ஓடி வா, முழங்கால் உயரத்துல ஒரு செங்கல் இருக்கும், கதையில அப்படித்தான் சொல்லியிருக்கார், பார்க்காம இடது காலை வை, எவ்வு! பழகின ஆளு மாதிரி. ஆக்‌ஷன்!"

"இருங்க—" என்றார் மித்வல்லி.

ஸமீஹ் ஓடி வந்தார். பழகின ஆளைப் போலவே, பார்க்காமல், இல்லாத செங்கலில் இடது காலை வைத்தார். சந்து முழுக்க ஒரு "அய்யோ" கேட்டது. அதன் பிறகு ஸமீஹ் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, கெய்ரோவில் மட்டுமே புழங்கும் சில வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினார். மாடியில் இருந்த பெண்கள் குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள்.

ராஃபத் சுவரில் இருந்த குழியைப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். "புதுசா பேத்திருக்கு. எவனோ வேணும்னே பண்ணியிருக்கான். என் படத்தைக் கெடுக்கணும்னு! பாஷா வரட்டும், போலீஸைக் கூப்பிடச் சொல்றேன். இந்தச் சந்துப் பக்கம் நேத்து யாரு வந்தது? நுஹா, நீ வந்தியே, யாரையாவது பார்த்தியா?"

நுஹா வாயைத் திறந்தாள்.

"நான் ஏறுறேன்!" என்றார் மித்வல்லி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அதாவது… அவருக்கு அடிபட்டிருச்சு. பாஷா வந்துட்டிருக்கார். பாஷா போட்ட உத்தரவு நிக்கக் கூடாது. எனக்கும் அதே கோட்டு, அதே உயரம். முதுகு மட்டும் தெரிஞ்சாப் போதும்ல?"

ராஃபத்தின் கண்கள் கலங்கிவிட்டன. அவரை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "உஸ்தாத்! நீங்க மனுஷன் இல்ல, தங்கம்! பாஷாகிட்ட நானே சொல்றேன்."

நுஹா வாயை மூடிக்கொண்டாள். "பாத்து ஏறுங்க உஸ்தாத்," என்றாள். "அங்க ஒரு செங்கல் குறையுது."

மித்வல்லி சந்து முனைக்குப் போய் நின்றார். ஒருவிதத்தில் இதுவும் நல்லதுதான் என்று தோன்றியது. தடுமாறித் தடுமாறி, சுவரையே பார்த்தறியாத ஆளைப்போல ஏறிவிட்டால், இவருக்கும் சுவருக்கும் சம்பந்தமே இல்லை என்று ஊரே சாட்சி சொல்லும். தடுமாறுவது என்று முடிவு செய்துகொண்டார்.

"ஆக்‌ஷன்!"

ஆனால் கால் கேட்க வேண்டுமே. பதினோரு வருஷப் பழக்கம். ஓடி வந்த வேகத்தில் கைகள் தாமாகவே சுவரின் மேல் விளிம்பைப் பிடித்தன, வலது முழங்கால் மடங்கியது, இடது கால் பார்க்காமலே தன் செங்கலைத் தேடிப் போனது. போன இடத்தில் செங்கல் இல்லை. கால் அங்கே துழாவியது, இங்கே துழாவியது. மித்வல்லி சுவரில் துவைத்துப் போட்ட கோட்டைப் போலத் தொங்கினார்.

"அப்படித்தான்! அருமை! கால் தேடுது பாருங்க!" ராஃபத் துள்ளினார். "தள்ளுங்கப்பா, உஸ்தாதைத் தள்ளுங்க!"

விளக்குக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து உட்காரும் இடத்தில் கையைக் கொடுத்து மேலே தள்ளினார்கள். மித்வல்லி சுவரின் மேல் வந்து சேர்ந்தார். ஒரு கால் பள்ளிக்கூடத்துப் பக்கம், ஒரு கால் சந்துப் பக்கம். அந்தப் பக்கம் குதிக்க வேண்டிய இடத்தில் படக்குழுவின் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் இறங்கச் செங்கல் இல்லை.

சந்துக்குள் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது.

மாடியில் விதை கொறிப்பது நின்றது. கார்க் கதவு திறந்தது. பளபளக்கும் ஒரு ஷூ முதலில் இறங்கியது, அப்புறம் ஒரு கைத்தடி, அப்புறம் லுத்ஃபி பாஷா. நிமிர்ந்து பார்த்தார். குதிரைச் சவாரி செய்கிறவரைப்போல உட்கார்ந்திருந்த தன் துணைத் தலைமையாசிரியரைப் பார்த்தார்.

"மித்வல்லி."

"பாஷா!" மேலே உட்கார்ந்தபடியே மித்வல்லி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க பாஷா! இது நான் இல்ல. இது படத்துல வர்ற அந்த ஆளு. நடிகருக்கு அடிபட்டிருச்சு, உங்க உத்தரவு நிக்கக் கூடாதேன்னு நான் ஏறினேன்."

பாஷா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத பாஷாவைவிடப் பயங்கரமானது எதுவும் அந்த மாவட்டத்தில் கிடையாது. மௌனத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்று மித்வல்லிக்குத் தோன்றியது. நிரப்பினார்.

"அந்த ஆளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல பாஷா! ரெண்டு நாளா இவங்க எடுக்கிறதைப் பார்த்து என் ரத்தம் கொதிக்குது. புள்ளைங்ககிட்டப் புடுங்கின பம்பரத்தை விடுறானே, அவன் ஒரு வாத்தியாரா?"

கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற ராஃபத் இரண்டு கைகளையும் மேலும் கீழும் ஆட்டினார். தன் பேச்சு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று மித்வல்லி புரிந்துகொண்டார். குரல் உயர்ந்தது.

"பாட நேரத்துல தின்னுட்டு, பள்ளிக்கூட வரைபடத்தைப் போத்திக்கிட்டுத் தூங்குறான்! வெக்கம் இல்ல? புள்ளைங்க முகத்துல கதவைச் சாத்திட்டு, தான் மட்டும் திருடன் மாதிரிச் சுவரேறிக் குதிக்கிறான்! இப்படி ஒருத்தன் நிஜமாவே இருந்தா, பாஷா, அவனை ஒரு பள்ளிக்கூட வாசல்லகூட நிக்க விடக் கூடாது. பாலைவனத்துக்கு அனுப்பணும்! அங்கயும் சுவரில்லாத இடமாப் பாத்து அனுப்பணும்!"

ராஃபத் இப்போது தன் கழுத்தைத் தன் கையாலேயே அறுத்துக் காட்டினார். ஆமாம், தலையையே வாங்க வேண்டியதுதான் என்று மித்வல்லியும் தலையாட்டி ஒத்துக்கொண்டார். நுஹா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பேசி முடித்ததும் மித்வல்லிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சொல்லிவிட்டோம். இனி இந்த வேஷத்தையும் தன்னையும் யாரும் சேர்த்துப் பேச முடியாது. மாடியிலிருந்து யாரோ கைகூடத் தட்டினார்கள். தலைமையாசிரியர் நாற்காலியின் தோல் மணம் மூக்கில் ஏறியது.

லுத்ஃபி பாஷா அவரைப் பார்க்கவில்லை. மெதுவாகச் சுவரை நோக்கி நடந்து வந்தார். கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். முழங்கால் உயரத்தில், புதிதாகப் பேர்த்த அந்தக் குழியை, இறந்துபோன உறவுக்காரரின் முகத்தைத் தடவுவது மாதிரி விரலால் தடவினார். விரலில் ஒட்டிய சிமெண்டுத் தூளை உற்றுப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"கதை சொல்றப்பவே ஒரு வரி மாத்தக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே ராஃபத்," என்றார் லுத்ஃபி பாஷா, "நான் இங்க துணைத் தலைமையாசிரியரா இருந்தப்ப என் கையால சிமெண்டு போட்டு வச்ச செங்கல் எங்கய்யா?"